தோள்பக்கத்துக் கறி

"என்ன கறி வாங்கினே?" தொலைபேசியில் அக்கா கேட்டாள்.

"தோள்பக்கத்து மாட்டுக்கறிதான் அக்கா. கொழுப்பும் சவ்வுமா இருக்கு."

"அதுதான் நார்நாரா உதிரும். தொடைக்கறின்னா வறண்டு போயிடும். தீயைக் குறைச்சு மூடி வை. அவசரப்பட்டா செருப்பைத்தான் கடிக்கணும்."

ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து, தெரு கனவில் பார்ப்பதுபோல் மங்கியிருந்தது. அடுப்பருகே நின்றவள் முள்கரண்டியால் தொட்டாள். கறி தானே அவிழ்ந்து சாற்றில் மிதந்தது. அவளும் எங்கோ மிதந்துகொண்டிருந்தாள்.

"இன்னிக்காவது அவர் சம்மதிப்பாரா அக்கா? இந்த வருஷமும் போயிடுமோன்னு பயமா இருக்கு."

"எதுக்கும் மசியாத மனுஷன் இதுக்கு மசிவார். ரெண்டாவது தட்டு காலியானதும் பேச்சை எடு. உனக்கு முன்னாடி அந்த வீட்டுல இருந்தப்ப, அதே அடுப்புல இதே கறியை வச்சுத்தான் நானும் அவர்கிட்ட விவாகரத்து வாங்கினேன்."

அடுப்பைத் தணித்துவிட்டு, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரின்னு சொன்னதும் கிளம்பி இங்கே வந்துடு. பக்கத்து அறையை ஒழிச்சு வச்சிருக்கேன்."