இரண்டாவது தொட்டி

கால்வாயில் மறுபடியும் நீலத் தண்ணீர்.

வேதியியல் பேராசிரியர் இந்தத் தடவை சும்மா விடவில்லை. அந்தப் பக்கம் இருப்பது ஒரே ஒரு சாயப்பட்டறை. அதன் முதலாளி, அவருடைய மனைவியின் தம்பி. இருந்தால் என்ன?

"உறவு வேற, தண்ணி வேற" என்று வீட்டில் அறிவித்துவிட்டுப் புகார் எழுதிக் கையெழுத்தும் போட்டார். மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை. நேர்மையாக இருந்தால் இப்படித்தான் என்று, தானே காபி போட்டுக் குடித்தார். அதில் சர்க்கரை போட மறந்திருந்தார்.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தார், பார்த்தார். பட்டறைக்குப் பதினைந்து நாள் பூட்டு. பதினெட்டுப் பேர் வேலையில்லாமல் வீட்டுக்குப் போனார்கள்.

தண்டித்தால் போதுமா, திருத்த வேண்டாமா? பேராசிரியர் கிளம்பினார். போகிற வழியிலேயே ஒரு சொற்பொழிவைத் தயார் செய்துகொண்டார்.

மைத்துனன் பூட்டிய கதவுக்கு வெளியே ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மாமா. உள்ள கூப்பிட முடியல, கோவிச்சுக்காதீங்க."

சொற்பொழிவின் முதல் பாதி அங்கேயே போயிற்று. பேராசிரியர் நேராகப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார்.

"இது என்னன்னு தெரியுதா?"

"வண்டி துடைக்கவா மாமா?"

"ஆறு வருஷ உழைப்புடா! இந்த நூல் மேல ஒரு வினையூக்கிப் பூச்சு இருக்கு. சாயத் தண்ணியில போட்டு வெயில்ல வச்சா சாயத்தையே சிதைச்சிடும். துணிய அலசிட்டுத் திரும்பவும் போடலாம். இருபது தடவை போட்டுப் பார்த்தாச்சு."

"வெயில்ல சாயம் தானாவே வெளுக்குமே. துணிதான் செஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

பேராசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாணவர்கள் ஒருவரும் கேட்காத கேள்வி.

"அதுக்குத்தான் இந்த வருஷம் காலேஜ் மாடியில ரெண்டு பெரிய தொட்டி வச்சிருக்கேன். ரெண்டுலயும் ஒரே நீலம், ஒரே வெயில். ஒண்ணுல துணி உண்டு, இன்னொண்ணுல கிடையாது. துணி போட்டது தெளிஞ்சிடும். போடாதது அப்படியே நீலமா நிக்கும். ரெண்டையும் அளந்து பார்த்தாத்தான் ஆராய்ச்சி!"

"தெளிஞ்ச தண்ணிய என்ன பண்ணுவீங்க?"

"செடிக்கு ஊத்துவேன்."

"நீலத் தண்ணிய?"

"அளந்ததும் திறந்து விட்டு..."

பேராசிரியர் நிறுத்தினார். திறந்துவிட்ட தண்ணீர் எங்கே போகும் என்பது அவர் நடத்திய எந்தப் பாடத்திலும் வந்ததில்லை. குனிந்து பார்த்தார். கல்லூரியிலிருந்து வரும் சாக்கடை இந்தப் பட்டறை வாசலைத் தொட்டுக்கொண்டுதான் கால்வாய்க்குப் போயிற்று.

"உன் பட்டறையில நீலம்...?"

"இந்த வருஷம் பூரா கறுப்பும் மெரூனும்தான் மாமா. அந்தத் தண்ணியும் லாரியில சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிடும். லாரி வராத அன்னிக்கு வேலையை நிறுத்திடுவோம்."

பேராசிரியர் வெள்ளைத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஒரு சந்தேகம் மாமா. அளந்து முடிச்சதும் அந்தத் துணியையே நீலத் தொட்டியிலயும் போட்டா வேலை செய்யாதா?"

"செய்யும்."

அது திரும்பத் திரும்பப் பயன்படும் என்று உலகத்துக்கு மூன்று கட்டுரை எழுதியவர் அவர்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"போன மாசம்தான் காலேஜ் மாடிக் குழாயிலேர்ந்து நீலம் வர்றதைப் பார்த்தேன். சொல்லலாம்னு ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தேன். நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க."

"அதிகாரிகிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா! இரு, நான் இப்பவே போய்ச் சொல்றேன்."

மைத்துனன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அவசரப்படாதீங்க மாமா. என் பட்டறை பதினாறாவது நாள் திறந்துடும். இல்லன்னா பதினெட்டுப் பேரும் அந்த ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்துடுவாங்க. உங்க தொட்டியைப் பூட்டினா, திறந்து விடுங்கன்னு கேக்க யாரு இருக்கா, என்னைத் தவிர?"