சட்டை போடாத பாட்டில்

முப்பதாம் நாள் காலையில் விளக்குப் பெட்டியைத் திறந்து பார்த்த குட்டி டாக்டர், என் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். காய்ச்சல் வந்தால், லேபில் பாட்டில் கழுவுகிற என்னிடம்தான் மாத்திரை கேட்பார்.

பெட்டிக்குள் இரண்டு பாட்டில். இரண்டிலும் திராட்சைத் தோலிலிருந்து எடுத்த சாறு. இரண்டும் சிவப்புச் சிவப்பாக, கல்யாண ஜோடி மாதிரி நின்றன.

அதுதான் அவர் தலையில் விழுந்த இடி.

அந்தச் சாற்றில் இருக்கிற சத்து, மனுஷ உடம்பு துருப்பிடிக்காமல் காக்குமாம். ஆனால் அதற்கே வெளிச்சம் ஆகாது, காற்று ஆகாது, சூடு ஆகாது. ஊருக்குக் காவல் நிற்கிறவனுக்குக் குடை பிடிக்க இன்னொரு ஆள்.

அந்தக் குடைதான் இவருடைய ஆராய்ச்சி. பட்டாணியிலிருந்து புரதத்தைப் பிரித்து, கண்ணுக்கே தெரியாத உருண்டையாக்கி, சத்தை அதற்குள் வைத்து மூடுவார். நான் அதைச் சட்டை என்பேன். மூன்று வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத சட்டைக்கு வந்த கரண்ட் பில் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஒரு பாட்டில் சட்டை போட்டது. மற்றது போடாதது. முப்பது நாள் ராப்பகலாக விளக்குக்கு அடியில் இருக்க வேண்டும். போடாதது வெளுக்க வேண்டும், போட்டது வெளுக்கக் கூடாது.

பிளக் பாயிண்ட் காலியாக இருந்தது என் கழுவும் அறையில்தான். அதனால் பெட்டி என்னிடம் வந்தது. நடுவில் திறந்து பார்த்தால் ராசியில்லை என்று அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு படித்தவர்.

"அண்ணே, சட்டை போட்டவனும் ஜம்முனு இருக்கான், அம்மணமா நின்னவனும் ஜம்முனு இருக்கான். அப்புறம் நான் எதுக்குண்ணே?"

சிரிக்கத்தான் பார்த்தார். மூக்குதான் ஒழுகியது.

பதினோரு மணிக்கு, லேபை நடத்துகிற பெரிய மேடம் வருவார். சட்டையால் பலனில்லை என்றால் இன்றோடு கடையைக் கட்டு என்று முன்னமே சொல்லியிருந்தார்.

எனக்கும் ஒன்று சொல்லியிருந்தார். போன வருஷம் நான் சரியாக அலசாத ஒரு பாட்டிலில் பிளீச்சிங் தண்ணீர் தங்கி, ஊற்றிய சாறு முழுக்க வெளுத்துவிட்டது. இன்னொரு பாட்டில் வெளுத்தால் வேலை கிடையாது என்றார். செங்கல் சுமந்து முட்டி தேய்ந்த பிறகு கிடைத்த உட்கார்ந்து செய்கிற வேலை. இதை விட்டால் என்னை எவன் சேர்ப்பான்?

குட்டி டாக்டர் பேப்பரை எடுத்து எழுத ஆரம்பித்தார். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாகக் கூட்டிப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

'பலன் இல்லை.'

படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

வாயை மூடிக்கொண்டால் என் சோறு தப்பும். திறந்தால் அவருடையது. மணி பத்தே முக்கால்.

"தம்பி," என்றேன். பயத்தில் சார் என்று வரவில்லை. "அது முப்பது நாள் சாறு இல்ல. நேத்து நான் ஊத்தினது."

பேனா நின்றது.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஐந்தாம் நாள் பெட்டியைத் துடைக்கத் திறந்தால், ஒரு பாட்டில் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி நின்றது. வெளிச்சம் தின்றது என்று அப்போது எனக்கெப்படித் தெரியும்? எது வெளுக்க வேண்டும் என்று அவர் சொன்னதே இன்றைக்குக் காலையில்தான். பிளீச்சிங்தான் தின்றது என்று நினைத்தேன். கொட்டினேன். ஏழு தண்ணீரில் அலசினேன். அவர் முதலில் ஊற்றிய அதே ஜாடி ஃபிரிட்ஜில் கறுப்புத் துணி சுற்றி இருந்தது. அதிலிருந்து ஊற்றி வைத்தேன். ஆறு நாளில் மறுபடி வெளுத்தது. மறுபடி ஊற்றினேன். நேற்றோடு ஐந்து தடவை.

குட்டி டாக்டர் எழுந்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

கண்ணைத் திறந்தால் வாசலில் மேடம் நின்றார். எப்போது வந்தாரோ, எதுவரை கேட்டாரோ. ஏப்ரனைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தேன். அவர் சொல்லி நான் கழற்றினால்தானே கேவலம்.

மேடம் என்னைத் தாண்டிப்போய்ப் பெட்டிக்குள் குனிந்தார். சட்டை போட்ட பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதை எத்தனை தடவை மாத்தினீங்க?"

"அதை எதுக்கு மேடம் மாத்தணும்? அதுதான் வெளுக்கவே இல்லையே."

குட்டி டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

மேடம் பாட்டிலை வைத்த இடத்திலேயே வைத்தார்.

"நாளைக்குப் புதுசா ரெண்டு பாட்டில் வை," என்றார் அவரிடம். "இவரையே கழுவித் தரச் சொல்லு."