லூர்துசாமியின் பென் டிரைவ்

ஜெராக்ஸ் கடைக் கணினித் திரையில் மதிய வெயில் கூசுகிறது. பீங்கான் சூளைக்காரர் லூர்துசாமி, இறந்த மனைவியின் படத்தை அவள் கல்லறைக்கான பீங்கான் ஓட்டில் பதிக்கப் பென் டிரைவில் கொண்டுவந்திருக்கிறார். வேறு படம் கிடையாது. கடையில் வேலை பார்க்கும் சண்முகப்ரியா அதைச் செருகியதும் சிவப்புப் பெட்டியில் ஆங்கில எழுத்துகள் வருகின்றன. காலையிலிருந்து இப்படி வருவது இது மூன்றாவது பென் டிரைவ். அவளுக்கு எரிச்சல்கூட வரவில்லை. “என்னம்மா எழுதியிருக்குது?” அவள் தயங்குகிறாள். “வைரஸுங்க. சாமியே இல்ல, கும்புடாதீங்கன்னு வருது.” அவர் பீங்கான் மாவு படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் பெட்டியை மூட மூட மறுபடி முளைக்கிறது. ஒருவழியாகப் படம் திறக்கும்போது அதன்மேலும் வந்து நிற்கிறது. “அத கொஞ்சம் நகத்தும்மா, மொகம் தெரியல” என்கிறார். அவள் பெட்டியை ஓரத்துக்கு இழுத்து, அவர் பார்த்து முடிக்கும்வரை மவுஸை விடாமல் பிடித்திருக்கிறாள்.