வெளிச்சக் கட்டத்துக்குள் கை

கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாளாம். நான்கு வயது. வலது கை துணிப்பொம்மையின் கைபோலத் தொங்கியது.

எக்ஸ்ரேக்காரர் அவள் சட்டைக் கையைக் கத்தரித்து எடுத்தார். தோளுக்குக் கீழே கன்றிப்போன தடங்கள். ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஒன்று. நான்கில் ஒன்றின்மேல் சின்னச் சதுரமாகத் தோல் பிய்ந்திருந்தது.

கட்டிலுக்கு விரல் முளைத்த கதையை அவர் இன்றுதான் பார்த்தார்.

குழந்தை மேசைமேல் துள்ளித் துடித்துக் கத்தியது. அசைந்தால் படம் கலங்கிவிடும். யாராவது பிடிக்க வேண்டும். தினமும் கதிரோடு புழங்குகிறவர் பிடிக்கக் கூடாது, கூட வந்தவர்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம்.

கூட வந்தவன் அப்பன் மட்டும்தான்.

கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டே சிரித்தான். "இதைப் போடலைன்னா அடுத்த புள்ளை பொறக்காதா சார்?"

எக்ஸ்ரேக்காரர் சிரிக்கவில்லை. தோளைப் பிடிக்கச் சொன்னார்.

அவன் குனிந்து மகளின் காதருகே போனான். "கத்தினே, அந்தக் கையையும் முறிச்சுடுவேன்."

மெதுவாகத்தான் சொன்னான். சின்ன அறை, கேட்டுவிட்டது.

அவன் கை தோளுக்குப் போகவில்லை. பழகிய இடத்துக்குப் போனது. ஐந்து விரலும் ஐந்து தடத்தில் உட்கார்ந்தன. மோதிரத்தின் சதுர முகப்பு, பிய்ந்த சதுரத்தின்மேல் பொருந்தியது.

அழுகை வெட்டினாற்போல் நின்றது. குழந்தையின் காலிடுக்கில் ஈரம் பரவியது.

கதிர் விழப்போகும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டம் சின்னதாகக் குழந்தையின் கையின்மேல் கிடந்தது. பிடிக்கிறவர்களின் விரல்நுனி அதற்குள் வந்தாலே, வெளியே எடு என்று இருபது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவர் அவர்.

இன்று கத்தவில்லை. கட்டத்தின் குமிழைத் திருப்பினார். கட்டம் அகலமாகி, அப்பனின் மணிக்கட்டுவரை விழுங்கியது.

தடுப்புக்குப் பின்னால் ஓடிப் பொத்தானை அழுத்தினார்.

திரையில் படம் வந்தது. துணியைப் பிழிந்தாற்போல் முறுக்கி முறிந்த சின்ன எலும்பு. அதைச் சுற்றிப் பெரிய விரல்களின் எலும்புகள். ஒன்றில் சதுர மோதிரம், வெள்ளைவெளேரென்று.

அப்பன் எட்டிப் பார்த்தான். சிரிப்பு செத்துப்போனது. "சார், என் கையும் விழுந்துடுச்சே. அதை அழிச்சிட்டு வேற ஒண்ணு எடுங்க."

எக்ஸ்ரேக்காரர் படத்தை டாக்டருக்கு அனுப்பிவிட்டுத்தான் திரும்பினார்.

"அதெல்லாம் கூடாதுங்க. பச்சைப் புள்ள உடம்பு. தேவையில்லாம ரெண்டாவது தடவை கதிர் படக்கூடாது."