பரிவட்டமும் ஓ நெகட்டிவும்

ஆஸ்பத்திரி இரத்த வங்கியின் கட்டிலில், கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டையோடு முன்னாள் ஊராட்சித் தலைவர் ஆண்டியப்பன் படுத்திருக்கிறார். வல்லத்திராக்கோட்டையிலிருந்து வேன் பிடித்து வந்த அவருடைய ஆட்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஊசி ஏறும்போது தலைவர் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். அந்தப் படம் மட்டும் ஃபிளெக்ஸில் வராது. கால்மாட்டில் பங்காளி நல்லதம்பி நிற்கிறார். பிரசவமாகியும் உதிரப்போக்கு நிற்காமல் மாடியில் கிடக்கும் பொற்கொடி அவருடைய மகள். அவளுக்கு வேண்டிய ஓ நெகட்டிவ் இங்கே தீர்ந்துவிட்டது; ஊரில் அது ஆண்டியப்பன் உடம்பில்தான் ஓடுகிறது. கோயிலில் பரிவட்டம் யாருக்கு என்ற தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று வெகுநாளாகிறது. அதனால் எல்லாம் நர்ஸ் செபமாலை வழியாகத்தான். “சிஸ்டர், அவரு எதுக்குக் குடுக்க வந்தாருன்னு கேளுங்க.” “என் ரத்தம் ஓடுற புள்ளைய வீட்டுல வச்சுக்கிட்டு, திருவிழாவுல எனக்கு எதிரா எப்புடி நிக்கிறாருன்னு பாக்கத்தான்னு சொல்லுங்க சிஸ்டர்.” செபமாலை குழாயைச் சரிசெய்கிறாள். சின்னத் தராசின் மேல் இரத்தப் பை தொட்டில்போல ஆடி ஆடி நிறைகிறது. ஊசியை உருவிப் பஞ்சை அழுத்திவிட்டு, பையோடு உள்ளே பரிசோதனை அறைக்கு அவள் நடக்கிறாள். “அண்ணே, இங்கிட்டுப் பாருங்கண்ணே!” என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் வருகிறது. ஆண்டியப்பன் பையைத்தான் பார்க்கிறார். சட்டென்று எழுந்து உட்கார்கிறார். “நல்லதம்பி, பின்னாடியே போய்யா! நின்னுக்கிட்டு என் மூஞ்சியவா பாக்குற? புள்ளைக்குச் சீக்கிரம் ஏத்தச் சொல்லு.” அப்போது வெளியிலிருந்து எடுத்த படங்களில் தலைவரின் முதுகுதான் விழுந்திருக்கிறது.