கேட்கக்கூடாத கேள்வி

2023 மே 13, சனிக்கிழமை. திருகோணமலைக்குக் கிழக்கே ஒன்பது கடல் மைல். கடலடியில் பெயர் தெரியாத ஒரு சரக்குக் கப்பல். ஆழம் அறுபத்தொரு மீற்றர்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் அவன் தவசீலனின் பக்கம் திரும்பி, காற்று எவ்வளவு இருக்கிறது என்று சைகையில் கேட்டான்.

தவசீலன் காற்றழுத்த மானியை எடுத்துப் பார்த்தார். விரல்களால் காட்டினார். நூற்றெண்பது.

ஐந்தாவது நிமிடத்திலும் நூற்றெண்பதுதான் காட்டியிருந்தார்.

அவனுடையதே நூற்று நாற்பத்தைந்துக்கு வந்துவிட்டது.

நீந்திப் போய் அவருடைய மானியைத் தன் கையில் பிடித்தான். நூற்றுப் பதினைந்து. நூற்றிருபதில் திரும்புவதென்று படகில் பேசியிருந்தார்கள்.

கப்பலின் பின்புறம் நான்கு மீற்றர் தள்ளி இருந்தது. கிழிந்த வலைக்குப் பின்னால் சிப்பி மூடிய எழுத்துகள். இரண்டு பருவமாக அவர்கள் தேடிய பெயர்.

அவன் கட்டைவிரலை உயர்த்தினான்.

நீருக்குள் அதற்கு ஒரே பொருள்: முடிந்தது, மேலே போகிறோம். யார் காட்டினாலும் மற்றவர் ஏற வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. அங்கும் கேட்கக்கூடாது, படகிலும் கேட்கக்கூடாது. கேள்விக்குப் பயந்து ஒருவன் விரலை உயர்த்தாமல் இருந்துவிடக்கூடாது என்பதற்காக வந்த சட்டம்.

அவனுக்கு அதைச் சொல்லித்தந்தவர் தவசீலன்.

ஏறுவதற்கு நாற்பத்தெட்டு நிமிடம் எடுத்தது. கடைசி இருபது நிமிடம் ஆறு மீற்றரில், ஒரே கயிற்றைப் பிடித்தபடி, முகத்துக்கு முகம்.

தவசீலன் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகில் துவாரகா இருந்தாள். குழுவின் மூன்றாவது ஆள். அன்று மேலே காவல். கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. படகோட்டி யோசப்புக்கு அந்தச் சட்டம் கிடையாது.

"என்ன தம்பி, வெள்ளனவே வந்திட்டியள்? கீழ பேய் கீய் கண்டனியளோ?"

"கேக்கப்படாது, யோசப்பு." தவசீலன் துடுப்புக் காலணியைக் கழற்றியபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஆரும் எப்பவும் முடிக்கலாம். பயம் எண்டாலும் அதுவும் காரணம்தான்."

"அண்ணை, உங்கட மானியில..."

"நான் கேட்டனானே?"

அவன் நிறுத்திக்கொண்டான். இனி என்ன சொன்னாலும் அது சாக்கு.

துவாரகா பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். சீனி கூடப் போட்டிருந்தாள், பயந்தவர்களுக்குப் போடுவதுபோல.

"பரவாயில்லை அண்ணா. கப்பல் எங்க ஓடப்போகுது."

ஞாயிறு காலை ஆட்கள் மாறியிருந்தார்கள். தவசீலனும் துவாரகாவும் கீழே. அவன் மேலே காவல்.

திட்டம் எழுதிய பலகையைத் தவசீலன் அவளிடம் நீட்டினார்.

"வாசி பிள்ளை. எனக்கெண்டால் பாடம்."

அவள் சத்தமாக வாசித்தாள். ஆழம். கீழே பதினெட்டு நிமிடம். ஏறும்போது நிற்க வேண்டிய இடங்கள்.

இரண்டு வருடமாக அதை வாசித்து வந்தவன் அவன். பழக்குவதற்காகத் தருகிறார் என்று நினைத்திருந்தான்.

கைபேசியில் அவர் எழுதிய செய்தி ஒன்றுகூட வந்ததில்லை. எல்லாம் குரல். ஐம்பத்தாறு வயது. கண்ணாடியோடு அவரை எவரும் கண்டதில்லை.

தூரத்தில் வரும் படகை யோசப்புக்கு முன்னால் அவர்தான் காண்பார். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் தெரியவில்லை.

துவாரகா இரண்டடி தள்ளி முகமூடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவருடைய மானியை நீயே பிடித்துப் பார் என்று சொன்னால் போதும்.

அவன் வாயைத் திறந்தான்.

அவள் நிமிர்ந்தாள். நேற்றுச் சீனி கூடப் போட்ட அதே முகம்.

"யோசிக்காதேங்கோ அண்ணா. பேரோட வாறன்."

"கவனம்," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு இருவரும் இறங்கினார்கள்.

அவன் உதிரி சிலிண்டர்களை இழுத்துப் படகின் விளிம்பில் வைத்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு தண்ணீரை. ஐந்தாவது நிமிடத்தில் அவள் கேட்டிருப்பாள். அவர் விரல்களால் ஒரு எண்ணைக் காட்டியிருப்பார். அவள் நம்பியிருப்பாள். அவனும் இரண்டு வருடம் நம்பினான்.

ஏறத் தொடங்கியதும் கீழிருந்து செம்மஞ்சள் மிதவை விடுவார்கள். பதினெட்டுக்குப் பிறகுதான் அது வர வேண்டும்.

பதின்மூன்றாவது நிமிடத்தில் வந்தது.

யோசப்பு அவனைப் பார்த்தார். அவன் மிதவையைப் பார்த்தான்.

ஐம்பது நிமிடம் கழித்து இரண்டு தலைகள் தெரிந்தன. தவசீலன் முதலில் ஏறினார்.

"இண்டைக்கும்..." என்று யோசப்பு தொடங்கினார்.

"கேக்கப்படாது," என்றார் தவசீலன். "பிள்ளைதான் விரலைக் காட்டினது."

துவாரகா சிலிண்டர்களைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பிளேன்ரீ ஊற்றி நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

யோசப்பு படகைக் கரைக்குத் திருப்பினார். வழியில் ஒருமுறை தவசீலன் கையை நீட்டி, தூரத்தில் ஒரு திமிங்கிலம் மூச்சு விடுவதைக் காட்டினார். மற்றவர்களுக்கு அது தெரிய நேரமெடுத்தது.

மாலை ஐந்தரைக்கு, சுழியோடிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் வந்தது.

"வாற சனிக்கு ரெண்டு பேர் தேவை. பயப்பிடாத ஆக்கள் பேரைத் தாங்கோ."

ஏழு மணிக்குள் ஐந்து பேர் பெயர் தந்திருந்தார்கள்.