தோழிக்கு எழுதிய சிபாரிசு

‘சிறந்த’ என்ற சொல்லை மூன்றாவது தடவையாக அழித்தாள், வகுப்பில் டிக்‌ஷனரி என்று பட்டப்பெயர் வாங்கியவள். கண் கலங்கியிருந்தது. உயிர்த் தோழியைப் பற்றி எழுத அவளுக்கே வார்த்தை போதவில்லையாக்கும் என்று பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த, தடிக் கண்ணாடி போட்ட சோடாபுட்டி நெகிழ்ந்துபோனாள்.

"போதும்டி. என்னை ரொம்பப் புகழாதே. அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க."

"நீ உன் வேலையைப் பாரு. எட்டிப் பாக்கக் கூடாதுன்னு சார் சொன்னாரில்ல?"

சார் என்பது வணிக மேலாண்மைத் துறையின் தலைவர். பட்டப்படிப்பின் கடைசி வருடத்தை வெளிநாட்டில் முடிக்க, அங்கிருக்கும் பல்கலைக்கழகம் இந்தக் கல்லூரியிலிருந்து ஒரே ஒருவரைத் தன் செலவில் அழைத்துக்கொள்ளும். வடிகட்டி வடிகட்டி மிஞ்சியது இவர்கள் இருவர்தான். ஆளுக்கொரு சிபாரிசுக் கடிதம் சார் தர வேண்டும். அவரோ தன் கையெழுத்தைத் தவிர வேறெதையும் எழுதி வருடக்கணக்காகிறது.

"உங்களைப் பத்தி நீங்களே எழுதினா நல்லாயிருக்காது. அவளைப் பத்தி நீ எழுது, உன்னைப் பத்தி அவ எழுதட்டும். கிளார்க்கம்மாவுக்கு மெயில் பண்ணிடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன். ஆனா தன்னைப் பத்தின லெட்டரை யாரும் படிக்கக் கூடாது. அது ரகசியம்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

சோடாபுட்டி கணக்கில் புலி. புள்ளியியலானாலும் நிதி மேலாண்மையானாலும் முதலிடம் அவளுக்கு, இரண்டாமிடம் டிக்‌ஷனரிக்கு. ஆனால் ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் எழுதச் சொன்னால் சோடாபுட்டிக்கு வியர்த்துக் கொட்டிவிடும். இரண்டு வருடமாக அவளுடைய கட்டுரைகளை எல்லாம் திருத்திக் கொடுத்ததே டிக்‌ஷனரிதான்.

டிக்‌ஷனரியின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். வெளிநாட்டு இடம் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பெயிண்ட் கடை, வயது முப்பத்தெட்டு. கல்லாவில் உட்கார இந்தப் படிப்பே போதும், மீதியைப் படித்து என்ன கிழிக்கப் போகிறாள் என்று கேட்டாராம் அந்த மகானுபாவர்.

அதனால்தான் டிக்‌ஷனரி அப்படி எழுதினாள். நேராகத் திட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பாராட்டுகிற மாதிரியே குழி பறிக்க வேண்டும். முதல் வரியில் ஒரே ஒரு தடவை பெயரைப் போட்டாள், பிறகு பக்கம் முழுக்க ‘இம்மாணவி’ என்று கண்ணியமாகவே கொண்டுபோனாள்.

‘யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தால் இம்மாணவி ஓரளவு வேலை செய்வார். சென்ற ஆண்டுத் தேர்வில் பார்த்து எழுதிப் பிடிபட்டபோது, சின்ன வயது என்பதால் கல்லூரி மன்னித்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை மட்டுமே எச்சரிக்க வேண்டியிருந்தது.’

எல்லாம் வடிகட்டிய பொய். அந்த ‘மட்டுமே’வைத் திரும்பப் படித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. மெயிலைத் தட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் சோடாபுட்டியின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். மதியம் வகுப்பு முடிந்து வெளியே வந்த டிக்‌ஷனரியை நோக்கி, மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தாள் சோடாபுட்டி.

"எங்கெல்லாம்டி தேடுறது உன்னை! நான் போகலை. அப்ளிகேஷனை வாபஸ் வாங்கிட்டேன்."

"என்னடி உளர்றே?"

"அம்மாவுக்கு அடுத்த மாசம் இன்னொரு ஆபரேஷனாம். அவங்களை விட்டுட்டு எப்படிப் போறது? அதோட, நான் போனா நல்லதுதான், ஆனா நீ போயே ஆகணும். இப்ப களத்துல நீ ஒருத்திதான். அந்தப் பெயிண்ட் டப்பாகிட்டேருந்து தப்பிச்சே, போ!"

டிக்‌ஷனரிக்கு நெஞ்சு சுருக்கென்றது. இவளைப் பற்றியா அப்படி எழுதினேன்? நல்லவேளை, அந்தக் கடிதத்துக்கு இனி வேலையில்லை, யார் கண்ணிலும் படப் போவதில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது அவளுக்கு. தோழியைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் புதுக் கவலை முளைத்தது. "ஆமா, என்னைப் பத்தி என்னடி எழுதினே? தப்பில்லாம எழுதினியா?"

சோடாபுட்டி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மொத்தமே நாலு வரி. என் இங்கிலீஷைப் படிச்சா உனக்குக் கிடைக்கிற சீட்டும் போயிடும். அதான், கிளார்க்கம்மாகிட்ட அதை அழிக்கச் சொல்லிட்டேன்."

"அழிச்சாச்சா? அடிப்பாவி, அப்ப என் அப்ளிகேஷன்?"

"பதறாதே. சார் கையெழுத்து, காலேஜ் முத்திரை எல்லாத்தோடயும் பன்னெண்டு மணிக்கே போய்ச் சேர்ந்தாச்சு. இனிமே அதுல ஒரு எழுத்தைக்கூட யாராலயும் மாத்த முடியாது."

"அதை அழிச்சுட்டு, எந்த லெட்டரைடி அனுப்பினீங்க?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பெரிய உபகாரம் செய்துவிட்ட கூச்சம் முகத்தில் தெரிந்தது.

"நான் ஒரு வரிகூடப் படிக்கலடி, சத்தியமா. கிளார்க்கம்மாவும் இருந்த அவசரத்துல படிக்கல, சாரைப் பத்திக் கேக்கவே வேணாம். ஆனா எனக்காக நீ கண்ணு கலங்கி, ஒரு பக்கம் பூரா எழுதினது வீணாப் போகலாமா?"

சோடாபுட்டி டிக்‌ஷனரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அதுல என் பேரை மட்டும் உன் பேரா மாத்தி, உனக்காகவே அனுப்பச் சொல்லிட்டேன்."